ஓபன்டபிள்யூஆர்டியின் ப்ராக்டி: சின்ன ரவுட்டருக்குள் சேவைகளை ஆளும் முறை

என்னிடம் உள்ள டி.பி. லிங்க் ஆர்ச்சர் சி7 ரவுட்டரில் ஃபிளாஷ் நினைவகம் 16 எம்.பி., ரேம் 128 எம்.பி. அதில் ரவுட்டர்களுக்கான லினக்ஸ் வகையான ஓபன்டபிள்யூஆர்டி இயங்குதளத்தை நிறுவி, மாடித் தொட்டியின் நீர்மட்ட அளவுகளை வெளியே உள்ள எம்.கியூ.டி.டி. (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) சேவையகத்துக்கு அனுப்பும் சிறு நிரல் ஒன்றை இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். இவ்வளவு குறுகிய இடத்தில் சேவைகளை, அதாவது பின்புலத்தில் தொடர்ந்து ஓடும் நிரல்களை, அமைப்பதற்கு இந்த இயங்குதளம் தரும் வசதி எப்படிப்பட்டது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

லின்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூல நிரலை அடிப்படையாகக் கொண்டு 2004இல் தொடங்கிய திட்டம் இது. 2014இல் வந்த 14.07 பதிப்பிலிருந்து சேவைகளைத் தொடங்கிக் கண்காணிக்கும் பொறுப்பு ப்ராக்டி என்ற சிறு நிரலிடம் இருக்கிறது. தொடக்க ஸ்கிரிப்டுகள் இருக்கும் இனிட்.டி அடைவில் பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) எழுதி, தொடக்க வரிசை எண்ணாக 95 போன்ற ஒன்றைக் கொடுத்து, ஓட வேண்டிய கட்டளையைக் குறிப்பிட்டால் சேவை தயாராகிவிடும். ஸ்கிரிப்டை 'ஸ்டார்ட்' செய்வது அப்போதைக்கு ஓட்டுவதற்கு மட்டுமே. 'எனேபிள்' செய்தால்தான் ஆர்சி.டி அடைவில் அந்த ஸ்கிரிப்டைச் சுட்டும் குறியிணைப்பு உருவாகி, ஒவ்வொரு முறை ரவுட்டர் எழும்போதும் அது தானாக ஓடும். முன்னதை மட்டும் செய்துவிட்டு, மின்சாரம் போய் வந்த பிறகு சேவையைக் காணவில்லை என்று தேடுபவர்கள் பலர்.

ப்ராக்டிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. நிரல் முன்னணியிலேயே ஓட வேண்டும். தானே பின்னணிக்குப் போய்விடும் நிரலைக் கொடுத்தால், தாய்ச் செயல்முறை (முதலில் ஓடத் தொடங்கிய நிரல்) முடிந்ததைப் பார்த்துச் சேவையே முடிந்துவிட்டதாக ப்ராக்டி கருதிவிடும். இதைக் குறையாக நான் எண்ணவில்லை. செயல்முறை எண்களைக் கோப்பில் எழுதி வைத்து அதை நம்பியிருக்கும் பழைய ஏற்பாட்டைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

மனம் நிறைந்து பாராட்ட வேண்டியது யூ.சி.ஐ. என்னும் அமைப்பு முறையைத்தான். எல்லா அமைப்புகளும் ஒரே அடைவில், ஒரே எளிய இலக்கணத்தில் இருக்கின்றன. மாற்றங்கள் முதலில் ரேமில் தற்காலிகமாகத் தங்கும். 'கமிட்' கட்டளை கொடுத்தால்தான் ஃபிளாஷுக்குப் போகும். அதன்பின் மறுஏற்றக் கட்டளை எந்தக் கோப்பு மாறியது என்பதைச் சரிபார்த்து, அதற்குரிய சேவைக்கு மட்டும் செய்தி அனுப்புகிறது. ஒரு சேவையை 'ரீலோட்' செய்யும்போதும் ப்ராக்டி பழைய கட்டளையையும் புதியதையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டுமே செயல்முறையை மறுபடி தொடங்குகிறது. நிரல் படிக்கும் தனி அமைப்புக் கோப்பு ஏதேனும் இருந்தால், அதன் பெயரையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதில் செய்த மாற்றம் ப்ராக்டியின் கண்ணில் படாது.

என்னை அதிக நாள் வருத்தியது மறுதொடக்க விதி. 'ரீஸ்பான்' என்று வெறுமனே எழுதினால், விழுந்த நிரலை 5 விநாடி இடைவெளியில் எழுப்பும். அடுத்தடுத்து 5 முயற்சிகளும் தோற்றால் கைவிட்டுவிடும். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் விரைவாக எழுந்துவிட, ஃபைபர் மோடம் இணைய இணைப்பைப் பெறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஐந்து முயற்சிகளும் தீர்ந்துபோய், இணையம் வந்த பிறகும் என் சேவை எழாமலேயே கிடந்தது. இதோடு கடிகாரச் சிக்கலும் சேர்ந்துகொண்டது: பெரும்பாலான ரவுட்டர்களைப் போல இதிலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஆகவே அமைப்புக் கோப்புகள் இருக்கும் இ.டி.சி. அடைவில் கடைசியாக மாற்றப்பட்ட கோப்பின் தேதியையே தன் தேதியாக வைத்துக்கொண்டு எழுகிறது. அந்தத் தேதி பல வாரங்கள் பின்தங்கியிருந்தால், அண்மையில் புதுப்பிக்கப்பட்ட சேவையகச் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று நிராகரிக்கப்படும்.

தீர்வு இரண்டு வரிகளில் இருந்தது. முயற்சி எண்ணிக்கையை 0 ஆக்கினால் ப்ராக்டி ஒருபோதும் கைவிடாது; 'வான்' (WAN) எனப்படும் இணையப் பக்க இடைமுகம் உயிர்பெறும்போது சேவையை மறுபடி தொடங்கும்படி ஒரு டிரிகரும் (தூண்டு விதியும்) வைத்தேன். ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஆவணங்களை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை, மூல நிரலையே படிக்க வேண்டியிருந்தது. பெரிய லினக்ஸ் கணினிகளில் சேவைகளை ஆளும் சிஸ்டம்டி போல 'இணையம் வந்த பின் இதைத் தொடங்கு' என்று சார்புகளை அறிவிக்கும் வசதி இதில் இல்லை. வரிசை எண் எதன் பின் எதை எழுப்புவது என்பதை மட்டுமே சொல்கிறது, எது தயாராகிவிட்டது என்பதைச் சொல்வதில்லை. புதிதாக வருபவர் எவரும் முதலில் இடறும் இடம் இதுவாகத்தான் இருக்கும், எனவே ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இது இருந்திருக்க வேண்டும்.

நிகழ்வுப் பதிவுகளும் (லாக்) ரேமில்தான் தங்குகின்றன. ஃபிளாஷ் தேயாமல் காக்க இது சரியான முடிவே. ஆனாலும் ரவுட்டர் அணைந்ததும் பிழையின் தடயமும் அழிந்துபோவதால், பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும், பழைய ரவுட்டரை வைத்திருக்கும், ஷெல் ஓரளவு தெரிந்த எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதிப்பை உயர்த்தும்போது மட்டும் கவனம் வேண்டும்: யூ.சி.ஐ.யின் கான்ஃபிக் அடைவிலுள்ள அமைப்புகள் காக்கப்படும், நாமே எழுதிய இனிட்.டி ஸ்கிரிப்ட் காக்கப்படாது. அதன் பாதையை, பதிப்பை உயர்த்தும் சிஸ்அப்கிரேட் நிரலின் பட்டியல் கோப்பில் சேர்த்து, 'சிஸ்அப்கிரேட்' கட்டளையுடன் 'எல்' விருப்பத்தைக் கொடுத்து, காக்கப்படும் கோப்புகளின் வரிசையில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே நான் புதிய பதிப்பை ஏற்றுகிறேன்.