பிளிமத் பியூரிட்டன்களும் பாஸ்டன் பியூரிட்டன்களும்

பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய கிறிஸ்தவர்கள். அவர்களில் 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்காவின் பிளிமத் போனவர்களையும், 1630இல் பாஸ்டனை நிறுவியவர்களையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாகவே பலரும் பார்க்கிறார்கள். அது சரியில்லை. பிளிமத்தின் மையக் குழு, இங்கிலாந்துத் திருச்சபை இனித் தேறாது என்று கைகழுவியவர்கள். ஹாலந்தின் லைடன் நகரில் பத்தாண்டுக்கு மேல் தஞ்சம் புகுந்திருந்தவர்கள். கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஜான் வின்த்ராப்போடு பாஸ்டன் வந்தவர்களோ திருச்சபையை விட்டு விலகவில்லை என்றே சாதித்தார்கள். உள்ளிருந்தபடியே அதைத் திருத்துவதுதான் அவர்கள் திட்டம். பணம், படிப்பு, ஆள்பலம் எல்லாமே இவர்களிடம் கூடுதல். எனக்கு வியப்பு தருவது இன்னொன்று: குடியேற்றத்தை நடத்திய கம்பெனிக்கு அரசர் தந்த உரிமைச் சாசனத்தை லண்டனில் விட்டுவைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிர்வாகமே கடல் தாண்டிவிட்டது. அரசர் பிறகு எப்படிப் பிடி போடுவார்?

கெடுபிடியிலும் பாஸ்டன்தான் ஒரு படி மேல். மதக் கருத்தில் மாறுபட்ட ரோஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் வெளியேற்றியது; குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660இல் தூக்கிலிட்டது. கிறிஸ்துமஸ் கொண்டாடினால்கூட 1659 முதல் ஐந்து ஷில்லிங் அபராதம்! பிளிமத்தும் குவேக்கர்களைத் துன்புறுத்தியது, ஆனால் உயிரை எடுக்கவில்லை.

செல்வாக்கில் போட்டியே இல்லை. 1691 சாசனம் பிளிமத்தை, பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸோடு இணைத்துவிட்டது.