காலை 8 மணிக்கா, மதியம் 12 மணிக்கா: எட்டு மணி நேரச் சாப்பாட்டில் எது மேல்?

கொழிஞ்சாம்பாறையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, 6.1 வந்தது. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் ரொம்ப தூரத்திலும் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் முறையை அப்போதுதான் பிடித்தேன். மதியம் 12 முதல் இரவு 8 வரை என்று மூன்று மாதம் இருந்தேன். பிறகு காலை 8 முதல் மாலை 5 வரை என்று மாற்றி ஏழு மாதம் ஆகிறது. இதில் ஒரு மணி கூடுதல்தான், கடைக்காரனுக்கு அவ்வளவுதான் முடியும்.

மதிய வழி சுலபம். காலைப் பலகாரத்தை விட்டால் போதும், ராத்திரி வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

எடையை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் பார்த்தார்கள். மதிய வழியில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தது, மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கு 0.68 கிலோ. காலை வழியும் எடையில் பெரிதாக ஜெயிக்கவில்லை. 2022இல் வெளியான குவாங்சோ ஆய்வில் 139 பேர் ஒரு வருடம் சாப்பாட்டு அளவைக் குறைத்தார்கள். காலை 8 முதல் மாலை 4க்குள் சாப்பிட்டவர்களுக்கு 8 கிலோ, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை.

என்னை மாற்றியது சர்க்கரைதான். பொழுது சாய்ந்தால் இன்சுலினின் வேலை மந்தமாகும், அதே சோறு ராத்திரியில் சர்க்கரையை இன்னும் ஏற்றும். 2018இல் வெளியான ஒரு ஆய்வில், என்னைப் போல விளிம்பில் இருந்த 8 ஆண்கள் 5 வாரம் மதியம் 3 மணிக்கு முன்பே கடைசிச் சாப்பாட்டை முடித்தார்கள். எடை குறையாமலேயே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எட்டுப் பேர் சின்னக் கூட்டம்தான். ஆனால் 2022இல் சீனாவில் இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோதும், இன்சுலின் விஷயத்தில் காலை வழிதான் முந்தியது. அவர்கள் நோயில்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியில் நானும் பார்த்தேன். மூன்று இட்லி, அதே சாம்பார். காலை எட்டரைக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 128. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டபோது 161. மூன்று முறை பார்த்தேன், மூன்றிலும் ராத்திரிதான் அதிகம்.

கஷ்டம் வீட்டில்தான். “ஏனுங்க, ஒன்பது மணிக்கு நாங்க மட்டும் உக்காந்து சாப்புடறதா?” என்று மனைவி கேட்டாள். இப்போது நாலரைக்குத் தூக்குச்சட்டி கடைக்கு வந்துவிடும்: கொஞ்சம் சோறு, பாசிப்பயறு, அவரைக்காய்ப் பொரியல். ராத்திரி அவர்களோடு சீரகத் தண்ணீர் குடித்தபடி உட்கார்ந்திருப்பேன். முதல் பத்து நாள் தோசை வாசனைக்குத் தவித்தேன், அப்புறம் பழகிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கம் கல்யாண வரவேற்பு என்றால் அன்றைக்கு விட்டுவிடுவேன்.

இப்போது எச்பிஏ1சி 5.8. சாயங்கால பஜ்ஜியும் கூடவே நின்றுபோனதால், இதில் நேரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கஞ்சிக்கோட்டில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் என் மச்சினனும் இதையே கேட்கிறான். பகலில் தூங்குகிற உடம்புக்கு இதைச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.