மூன்று குறுவை பார்த்த பேக் ஃபில்டர்

மன்னார்குடியில் மில் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். “பேக் ஃபில்டர் போடலாமா, சைக்ளோனே போதுமா?” இரண்டுமே பாய்லர் புகையில் வரும் சாம்பலைப் பிடிக்கத்தான். சைக்ளோன் புகையைச் சுழற்றிப் பிரிக்கும், பேக் ஃபில்டர் ஒரு பெட்டிக்குள் தொங்கும் துணிப் பைகளால் வடிகட்டும். அன்றைக்குத்தான் எங்கள் ஃபில்டரின் 96 பைகளையும் உள்ளிருக்கும் கம்பிக் கூண்டோடு உருவி மாற்றி முடித்திருந்தேன். எரிச்சலில் “வேண்டாம்” என்று வைத்துவிட்டேன். அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் மில் நீடாமங்கலம் பக்கம். நெல் அவிக்க உமி பாய்லர். எரிகிற உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. பெரிய துகளைச் சைக்ளோன் சுழற்றிக் கீழே தள்ளிவிடும். பத்து மைக்ரானுக்குக் கீழே போகப் போக அதற்குப் பிடி கிடைக்காது. நெஞ்சுக்குள் இறங்குவது அந்தப் பொடிதான். பை போட்ட வருஷம் சித்திரையில் எதிர்வீட்டு அக்கா மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து வடகம் பிழிந்தார்கள். சாயங்காலம் ஏறிப் பார்த்தேன், வேட்டியில் ஒரு கரும்புள்ளி இல்லை. போட்ட பணம் அப்போதே வந்துவிட்டது எனக்கு.

ஆனால் ஐப்பசி மழை! ராத்திரி அணைத்த பாய்லரைக் காலையில் மூட்டினால், புகையில் உள்ள நீராவி சில்லிட்ட பெட்டிக்குள் வேர்த்துவிடுகிறது. பையில் ஒட்டிய சாம்பல் சேறாகி, காய்ந்ததும் சிமெண்டுப் பூச்சு மாதிரி இறுகிவிடும். பையை உதறிச் சாம்பலைத் தள்ளும் கம்ப்ரஸர் காற்று ஐந்து கிலோ அழுத்தத்தில் டப் டப்பென்று அடித்தாலும் உதிராது. பைக்கு இரண்டு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மேனோமீட்டரில், வழக்கமாக 110 மில்லிமீட்டரில் நிற்கும் தண்ணீர் 230க்கு ஏறியது. புகை திரும்பி உலைவாய் வழியே வந்து ஃபயர்மேன் கண்ணைக் கரித்தது.

போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டால், “டைமரைக் குறைச்சு அடிக்கடி அடிக்க விடுங்க சார்” என்றார். குறைத்தேன். நன்றாக இருந்த பைகளும் கெட்டன. பையின் மேல் மெல்லிசாகப் படிகிற சாம்பல்தான் நுண்ணிய பொடியைப் பிடிக்கிறது, துணி அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான். அந்தப் படலத்தை ஓயாமல் உதிர்த்தால் பொடி இழைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

காற்றோடு தண்ணீரும் பைக்குப் போகாமல் இருக்க, கம்ப்ரஸர் தொட்டியின் அடி வால்வை இப்போது தினமும் நானே திறந்து தண்ணீர் வடிக்கிறேன். மழை நாளில் பெட்டியைச் சூடான காற்றால் காய்ச்சிய பிறகுதான் புகையை உள்ளே விடுகிறோம்.

சரி, நண்பருக்கு என் பதில்: ராத்திரி அணைத்துக் காலையில் மூட்டுகிற மில்லாக இருந்தால், பெட்டிக்கு ராக்வூல் (சூட்டை வெளியே விடாத கல் பஞ்சு) சுற்றிச் சூடேற்றியும் வைத்துத் தராதவரிடம் வாங்காதீர்கள். நான் கழற்றப் போவதில்லை. ராக்வூல் சுற்ற வியாழக்கிழமை ஆள் வருகிறார்.