பைடி மாட்யூல் நல்ல சரக்குதான், ஆனால்…

பக்கத்து ஊரில் கேபிளும் இன்டர்நெட்டும் நடத்தும் நண்பர் போனில் கேட்டார்: "10ஜி பைடி விலை நல்லா இறங்கியிருக்கேண்ணா, ஒரு கோரை சரண்டர் பண்ணிட்டு அதுக்கு மாறிடலாமா?" பைடி என்பது ஸ்விட்ச்சில் செருகும் ஆப்டிகல் மாட்யூல்; அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என்று இரண்டு கோர் (ஃபைபர் இழை) கேட்காமல் ஒரே கோரில் இரண்டையும் முடித்துவிடும். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இங்கே.

மாட்யூலின் வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கும் எங்கள் ஓஎல்டி பெட்டியின் அப்லிங்க் வருஷக்கணக்காக இதில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஏசி படுத்த அறையிலும் லிங்க் ஆடியதில்லை. ஒரு கோர் வாடகை மிச்சம். மாட்யூலே தன் நிலவரத்தைச் சொல்லும் டிடிஎம் இன்னொரு வரம்: வழக்கமாக மைனஸ் 8 டிபிஎம் காட்டும் ஆர்எக்ஸ் பவர் (வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு) மைனஸ் 12-க்கு இறங்கினால், லிங்க் விழுவதற்கு முன்பே பையனை அனுப்பி ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்லிவிடலாம்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் லேபிள் மேல். பைடியில் ஒரு முனை 1270 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பி 1330-இல் வாங்கும், எதிர்முனை நேர்மாறு. எது எந்த முனை என்று சொல்லும் அந்த நம்பரை மாட்யூலின் உடம்பில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கிறார்கள். கேஜுக்குள், அதாவது ஸ்விட்ச்சில் மாட்யூல் செருகும் பொந்துக்குள், தள்ளிவிட்டால் அதுவும் மறைந்துபோகும். வெளியே தெரிவது பிடிக்கம்பி மட்டும். அதன் நிறத்தையாவது நம்பலாமா? முதல் செட்டில் நீலம் என்றால் 1270. அடுத்து வேறு கம்பெனியில் வாங்கியதில் நீலம் 1330!

இடி மழை ராத்திரி ஒன்றில் தூரத்து முனை மாட்யூல் போனது. பையன் ஸ்பேரைப் போட்டான், லிங்க் வரவில்லை. ஆர்எக்ஸ் மைனஸ் 40. கேபிள் அறுந்தாலும் இதே மைனஸ் 40தான். ஆனால் பவர் மீட்டரை வைத்தால் வெளிச்சம் ஜோராக வருகிறது. பேட்ச் கார்டை மாற்றினோம், கனெக்டரைத் துடைத்தோம், போர்ட்டையும் மாற்றினோம். விடிகிற நேரத்தில் கழற்றிப் பார்த்தால் இரண்டு முனையிலும் 1270. வெளிச்சம் மாட்யூல் வரை போகிறது, உள்ளே இருக்கும் ஃபில்டர் டிடெக்டருக்கு விடுவதில்லை. மீட்டருக்கோ இரண்டு அலைநீளமும் ஒன்றுதான். பையனைத் திட்ட மனசு வரவில்லை. மொபைல் கேமராவில் ஜூம் பண்ணித்தான் நானே அந்த நம்பரைப் படித்தேன்.

ஸ்விட்ச்சில் கமாண்ட் போட்டால் அலைநீளம் காட்டுமே என்பார்கள். லிங்க்கே இல்லாதபோது தூரத்து ஸ்விட்ச்சுக்குள் எந்த வழியாக லாகின் பண்ணுவது?

இரண்டு கோர் கேட்கும் வழக்கமான எல்ஆர் மாட்யூலில் இந்தத் தலைவலி கிடையாது. இரண்டு முனையிலும் 1310, ஒரே ஸ்பேர் எங்கே வேண்டுமானாலும் போகும். அனுப்புகிற கோரும் வாங்குகிற கோரும் (டிஎக்ஸ், ஆர்எக்ஸ்) மாறியிருந்தால் கனெக்டரைத் திருப்பிக் குத்தினால் முடிந்தது.

ஆகவே நண்பரே, கையில் இரண்டு கோர் இருக்கிறவரை மாறாதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதென்ன தீர்ப்பு என்றால், அந்த ராத்திரித் தூக்கம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. கோர் வாடகை கட்டுப்படியாகவே இல்லையா, வாங்குங்கள். ஸ்பேரை ஜோடியாக வாங்கி, 1330 பிடிக்கம்பியில் வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்துவிட்டு அப்புறம் கேஜில் போடுங்கள்.