மழைக்கு முன் கார் செக்கப்: கம்பெனி சர்வீஸா, தெருமுனை மெக்கானிக்கா?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துக்கொள்ளும். வாரண்டி முடியாத காரை அதற்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும். எங்கே காட்டுவது?

ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் என்றால் என் ஓட்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே. சர்வீஸ் பதிவு விட்டுப்போகாமல் இருந்தால் வாரண்டி கேட்கும்போது வம்பு வராது. ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்பக் கூப்பிடுவது) ஏதும் பாக்கியா என்று சேசிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிடுவார்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டையும் அங்கேயே ஏற்றிக்கொள்ளலாம். முதல் சில சர்வீஸுக்குப் பல கம்பெனிகளில் லேபர் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. செய்யப்போகும் வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். இன்ஜின் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று நாம் கேட்காதது நுழைந்திருக்கும். மேனுவலில் இல்லையென்றால் தயங்காமல் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சந்தேகங்களையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள். "60-க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறது" என்று கார்டிலேயே எழுத வையுங்கள்.

தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் வேலை நம் கண்ணெதிரே நடக்கும். பானெட்டைத் திறந்து, வைப்பருக்கு அடியில் வேப்பஞ்சருகு அடைத்துக் கிடக்கும் தண்ணீர்வழியை விரல்விட்டு நோண்டி எடுப்பார். அது அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்ளே, கால்மிதிக்கே இறங்கிவிடும். வைப்பர் ரப்பர், டயர் காற்று, பஞ்சருக்கெல்லாம் அவரே போதும். டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே மாற்றியாக வேண்டும். மழை ரோட்டுக்கு அதற்கு முன்பே மாற்றுவது உயிருக்கு நல்லது. ஒயரிங்கில் மட்டும் வெளியாளைக் கைவைக்க விடாதீர்கள். ஹாரனுக்காக ஒயரை வெட்டி ஒட்டினால் எலெக்ட்ரிக்கல் வாரண்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.