கம்ப்யூட்டரை பேட்டரியில் ஓட வைத்துத் தருகிறேன் என்று சொல்லி 11,500 ரூபாயை விழுங்கிய கடை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் கடையோ மண்டியோ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். 11,500 ரூபாய் போயிற்று. வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். இந்த வேலையைச் செய்யச் சொல்லும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது மாங்காய் மண்டி. சீசனில் ராத்திரி பகல் இல்லாமல் லோடு வரும். எடைச்சீட்டு, தோட்டக்காரர் பாக்கி, கூழ் ஃபேக்டரிக்குப் போன பெங்களூரா மாங்காய் எத்தனை டன் என்பதெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். அதே சீசனில்தான் கோடைமழைக் காற்றும் அடிக்கிறது. கரண்ட் போனால் எப்போது வரும் என்று லைன்மேனுக்கே தெரியாது. 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் விடியும் வரை தாங்குவதில்லை.

இன்னொரு பேட்டரி போடலாமா என்று கேட்கத்தான் கிருஷ்ணகிரியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை. போட்டால் அதற்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள்.

"புது பேட்டரி தண்டம்ண்ணா. பேட்டரியில இருக்கற 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக்குது. கம்ப்யூட்டருக்கு உள்ள கரண்ட் குடுக்கற பெட்டி, எஸ்எம்பிஎஸ், அதை மறுபடி 12 ஆக்குது. ஏத்தி இறக்கறதுலயே பாதி போயிடுது" என்றார். பாதியெல்லாம் போகாது. ஆனால் கொஞ்சம் வீணாவது உண்மைதான், அதனால் பேச்சு நியாயமாகப் பட்டது.

அப்புறம் ஒரு பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து மேஜைமேல் வைத்தார். மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எல்லாம் கிரவுண்ட் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நடுவில் ஒரு டிசி கன்வர்ட்டர் போர்டு வருமாம். பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் வெளியே 12 அசையாமல் நிற்குமாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். என் கம்ப்யூட்டர் ரெடியானதும் அவர் கடை பேட்டரியில் மாட்டி, மீட்டரை மஞ்சள் வயரில் வைத்தார். 12.3. "மீட்டர் பொய் சொல்லுமாண்ணா?" என்று சிரித்தார். டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அந்த இடத்தில்தான் நம்பினேன். 11,500 ரூபாயையும் ஒரே தடவையில் ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்.

மண்டியில் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஒரு சாயங்காலம் கரண்ட் வந்து, இன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் ஏற்ற ஆரம்பித்தது. ராத்திரி எடை போட்டுக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. ஸ்கிரீன் அணைந்தது. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் போச்சு, கணக்கும் அதோடு போச்சு.

போன் செய்தால் முதலில் "வோல்டேஜ் ஏத்த இறக்கம்ண்ணா, ஈபியைத்தான் கேக்கணும்" என்றார். நேரில் போனால் "பேட்டரி உங்களுது, அதுக்கு நாங்க கேரண்டி இல்லை". அடுத்த முறை கடைப் பையன் மட்டும்தான் இருந்தான், ஓனர் ஓசூர் போயிருக்கிறாராம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியாக "புது போர்டு வாங்கிட்டு வாங்க, ஃபிட்டிங் சார்ஜ் மட்டும் போதும்" என்றார். 11,500 வாங்கின வாய்!

காவேரிப்பட்டணத்தில் ரேடியோ காலத்திலிருந்து சோல்டரிங் பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டார். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு, மஞ்சள் வயர்களை மொத்தமாக முறுக்கி, பேட்டரி வயரோடு நேராகச் சேர்த்து டேப் சுற்றியிருக்கிறார்கள். கன்வர்ட்டரும் இல்லை, ஃபியூஸும் இல்லை. சிவப்பு வயருக்கு எல்எம்2596 என்ற சின்ன மாட்யூல், நூறு ரூபாய் சமாச்சாரம், 3 ஆம்பியர்தான் அதன் எல்லை. சப்ளை சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் சாம்பல் வயரை 5 வோல்ட்டிலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். என்ன கோளாறு ஆனாலும் போர்டுக்கு "எல்லாம் சரி" என்றுதான் போகும்.

கம்ப்யூட்டரின் 12 வோல்ட் வயரில் 5 சதவீதம்தான் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. இன்வெர்ட்டருக்குப் போடும் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும், காலியாகும்போது 10.5 வரை இறங்கும். கடையில் வைத்திருந்தது சார்ஜில் இல்லாத பேட்டரி, அதனால்தான் மீட்டர் அழகாக 12.3 காட்டியது. எங்கள் பெட்டியில் 14க்கு மேல் நேராக மஞ்சள் வயருக்குப் போயிருக்கிறது. போதாததற்கு அந்தச் சின்ன மாட்யூலும் ஷார்ட் ஆகி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் பேட்டரி வோல்ட் முழுசாக இறங்கிவிட்டது. இல்லாத கன்வர்ட்டருக்கு 11,500 ரூபாய்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், லாரி வந்து நிற்கிறது. சுருக்கமாக: பேட்டரி சார்ஜில் இருக்கும்போது மஞ்சள் வயரில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து கன்வர்ட்டர் போர்டைக் கண்ணால் பாருங்கள். பேட்டரி பிளஸ் பக்கம் ஃபியூஸ் இல்லாமல் மாட்ட விடாதீர்கள், 150 ஏஎச் பேட்டரி ஷார்ட் ஆனால் வயரே தீப்பிடிக்கும். நாமே செய்யலாம் என்று சாதா எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் 1915 நுகர்வோர் எண்ணுக்கு அடியுங்கள். நானும் அடித்துவிட்டேன், ஜிபே ரசீதும் அந்த டேப் சுற்றிய வயரின் போட்டோவும் கையில் இருக்கிறது, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.