இவி2-ஏ: சோலாரும் மின்காரும் உள்ள வீட்டுக்கு ஏற்றதா?

கலிபோர்னியாவில் பிஜி அண்ட் இ மின் நிறுவனம் தரும் இந்த மின்கட்டணத் திட்டத்தில் நள்ளிரவு 12 முதல் பிற்பகல் 3 வரை யூனிட் விலை குறைவு; மாலை 4 முதல் இரவு 9 வரை உச்சம், ஞாயிற்றுக்கிழமையும்தான். 240 வோல்ட், 32 ஆம்பியர் சார்ஜர் 5 மணி நேரத்தில் சுமார் 38 யூனிட் ஏற்றும். தொடங்கும் நேரத்தைக் காரிலோ சார்ஜரிலோ ஒன்றில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் வைத்து, நேரங்கள் பொருந்தாவிட்டால் காலையில் பேட்டரி ஏறாமலே கிடக்கும்.

பழைய நெட் மீட்டரிங்காரர்களுக்கு, அதாவது கிரிடுக்கு (பொது மின்கம்பிக்கு) அனுப்பும் சோலார் யூனிட்டை ஏறக்குறைய முழு விலைக்குப் பில்லில் கழித்துக்கொள்பவர்களுக்கு, இது அருமையான திட்டம். மாலை உச்ச நேரத்தில் சார்ஜ் போடாமல் இருந்தால் போதும். 2023 ஏப்ரல் 14-க்குப் பிறகு சோலாருக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் கணக்கே வேறு. கிரிடுக்கு அனுப்பும் யூனிட்டுக்குப் பெரும்பாலும் சொற்ப விலைதான். கார் பகலில் வீட்டில் நின்றால், ஆம்பியரைக் குறைத்துக் காலை 10 முதல் 2 வரை கூரை மின்சாரத்திலேயே ஏற்றிவிடுங்கள்.